வெண்டெல் வைத்த நெருப்பு

தேவாலயத்தில் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே ஆர்டித் ஹெல்ஸ்ட்ரோம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் காலையில் சோம்பித் தொங்கிய கொடி, இப்போது கிழக்கே நீட்டி விறைத்துப் படபடத்தது. மேல்காற்று பிடித்துவிட்டது.

"தூங்குற மாதிரியே இருக்கார்," என்றாள் மளிகைக்கடைக்காரரின் மனைவி, பெட்டிக்குள் எட்டிப் பார்த்து.

"தூங்குறப்ப இவ்வளவு மரியாதையா இருக்க மாட்டான். குறட்டை விடுவான்."

அந்த அம்மாள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நகர்ந்தாள்.

வெண்டெல் ஆர்டித்துக்கு ஒரே தம்பி. சனிக்கிழமை மதியம் மேற்குப் புல்வெளியை எரித்து முடித்தவன், சாயங்காலம் சாப்பாட்டுக்கு வரவில்லை. மனைவி ஜோலீன் தேடிப் போனபோது, புல்வெளியின் கேட்டுக்குப் பக்கத்தில் தன் பிக்கப் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் இருந்தது. இதயம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

கான்சாஸின் இந்தக் குன்றுப் பக்கத்தில் சித்திரை வெயிலுக்கு முன்னால் எல்லோரும்தான் புல்லை எரிக்கிறார்கள். போன வருஷத்துச் சருகு போனால்தான் மாட்டுக்குப் புதுப்புல். ஆனால் வெண்டெல் எரிப்பதைப் பார்க்க அடுத்த மாவட்டத்திலிருந்துகூட ஆட்கள் வந்து நிற்பார்கள். காற்று போய்ச் சேரும் ஓரத்தில் முதலில் சின்ன நெருப்பால் ஒரு கரிக்கோடு இழுப்பான். அவசரமே இருக்காது, கோலம் போடுகிற மாதிரி நடப்பான். கோடு அகலமான பிறகுதான் காற்றோடு ஓடும் நெருப்பை வைப்பான். அது ஆளுயரத்துக்கு எழும்பி இரைந்துகொண்டு வந்து, அந்தக் கரிக்கோட்டில் கால் வைத்ததும் செத்துவிடும். ஊர்த் தீயணைப்புப் படைக்கு அவன்தான் தலைவன். சம்பளமில்லாத பதவி. காற்று மோசமான நாட்களில் எரிப்புத் தடையை மாவட்டம்தான் அறிவிக்கும் என்றாலும், அறிவிப்பதற்கு முன்னால் அவனைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒரு வருஷம் தன் நிலத்திலேயே பாதி எரிந்துகொண்டிருக்கையில் காற்று மாறியது. மீதியை எரிக்காமல் அணைத்துவிட்டு, தடை போடச் சொல்லி அவனே கூப்பிட்டான். அந்த வருஷம் மாடுகள் எடை கூடவில்லை. அதற்காக ஒரு நாள்கூட அவன் முனகியதை ஆர்டித் கேட்டதில்லை.

ஹெல்ஸ்ட்ரோம் நெருப்பு வேலி தாண்டாது என்பது அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு. அப்பா காலத்திலிருந்து வந்த பேச்சு. பேச்சைக் காப்பாற்றியவன் இவன்.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்களேன்," என்றாள் ஜோலீன் முன்வரிசையிலிருந்து.

"உக்காந்தா கை குடுக்கிறது யாரு?"

அடுத்து வந்தவன் லைல் பென்னர். பக்கத்து நிலத்துக்காரன். ஆர்டித்தோடு ஒரே வகுப்பில் படித்தவன். சில வருஷங்களுக்கு முன் தடை இருந்த நாளில் அவன் ரகசியமாகப் புல்லுக்கு நெருப்பு வைத்து, அது சாலையைத் தாண்டி ஒருவருடைய வைக்கோல் கொட்டகையைத் தின்றுவிட்டது. அணைக்க முதலில் வந்தவன் வெண்டெல். ஷெரீஃபிடம் யார் வைத்தது என்று சொன்னவனும் வெண்டெல்தான். லைலுக்கு அபராதம் விழுந்தது. 'ஒரு நாள் உங்க வீட்டு நெருப்பும் தாண்டும். அன்னிக்கு நான் வேலி மேல உக்காந்து பாப்பேன்' என்று அவன் கால்நடைச் சந்தையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இப்போது தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வருத்தமா இருக்கு, ஆர்டித்."

"வந்ததுக்கு நன்றி, லைல்."

அவ்வளவுதான். அவன் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான்.

அவனுக்குப் பின்னால் நடீன். ஷெரீஃப் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள். எரிக்கிறவர்கள் எல்லோரும் நெருப்பு வைப்பதற்கு முன் அவளிடம்தான் சொல்ல வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் அவள் ஆர்டித்தின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை காலைல கூப்பிட்டாரு அக்கா. 'நடீன், மேற்குப் புல்வெளிக்கு வைக்கிறேன், உன் வீட்டுத் துணியெல்லாம் கொடியிலேருந்து எடுத்துடு'ன்னு கிண்டல் பண்ணாரு. ஆறினதும் எப்பவும் ரெண்டாவது தடவை கூப்பிடுவாரில்ல? எத்தனையோ பேரு மறந்துடுவாங்க, அவரு ஒரு தடவை கூட மறந்ததில்ல. வேலை முடிஞ்சும் உக்காந்திருந்தேன். அப்புறம் போன் அடிச்சுது. எடுத்தா, ஜோலீன். ஆம்புலன்ஸ் வேணும்னு."

ஆர்டித்தின் கை அவள் கைக்குள் அப்படியே நின்றது.

"அவன் ரெண்டாவது தடவை கூப்பிடவே இல்லையா?"

"இல்லக்கா."

எரித்து முடித்ததும் நிலத்துக்காரன் தனியாக ஒரு சுற்று நடந்து வர வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நடை நிலத்துக்காரனுக்கு மட்டுமே உரியது. கையுறையைக் கழற்றிவிட்டு, எரிந்த கட்டை, காய்ந்த சாணம், வேலிக்கால் ஒவ்வொன்றின் மேலும் வெறுங்கையை வைத்துப் பார்ப்பான். கை பொறுத்தால் ஆறிவிட்டது. அதற்குப் பிறகுதான் தொலைபேசி. வெண்டெல் கூப்பிடவில்லை என்றால் அவன் நடக்கவில்லை. அவன் நடந்துவிட்டான் என்று ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. மேற்குப் புல்வெளியின் கிழக்கு மூலையில் கொள்ளுத்தாத்தா வேலிக்கு நட்ட பழைய முள்மரங்களின் அடிக்கட்டைகள் இருக்கின்றன. அவற்றின் வேருக்குள் நெருப்பு புகுந்தால் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மூலைக்கு அந்தப் பக்கம் லைல் பென்னரின் எரிக்காத புல், இடுப்பளவு.

ஆர்டித் கொடியை மறுபடியும் பார்த்தாள்.

"நடீன், என்கூட வா." பிறகு ஜோலீனிடம் குனிந்தாள். "ஒரு சின்ன வேலை. வந்துடறேன்."

"இப்பவா? ஆரம்பிக்கப் போறாங்க அண்ணி. உங்க தம்பி..."

"எனக்காக நிறுத்த வேண்டாம்."

ஜோலீனின் முகம் சுருங்கியதை ஆர்டித் பார்த்தாள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் லைல் கடைசி வரிசையில் இருந்தான். மெதுவாகப் பேசினாலும் எதிரொலிக்கிற தேவாலயம் அது.

வாசலில், பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிய வெண்டெலின் பிக்கப் நின்றது. கல்லறைக்கு ஊர்வலத்தின் முன்னால் அதுதான் போக வேண்டும் என்று படைக்காரர்கள் கழுவித் துடைத்து, கண்ணாடியில் கறுப்பு ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். சாவி அதிலேயே இருந்தது.

"அக்கா, உள்ள படைக்காரங்க அத்தனை பேரும் இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றாள் நடீன், கதவைச் சாத்திக்கொண்டே.

"அவன் பெட்டியைத் தூக்க வந்தவங்க அவங்க. அவன் அரைகுறையா விட்ட நெருப்பை அணைக்க வரல."

"அவர் அரைகுறையா விடல. செத்துப் போனாரு."

"ஊரு அப்படியா சொல்லும்? லைல் அப்படியா சொல்லுவான்?" வண்டி சாலையில் ஏறியது. "கட்டையில கொஞ்சம் புகை இருக்கும். தண்ணி ஊத்திட்டு வந்துடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நடீன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டாள். குதிகால் உயர்ந்த காலணி. "சாவுக்கு வரேன்னுதான் இதைப் போட்டேன்," என்றாள் தனக்குள் சொல்வதுபோல.

புல்வெளி கரேலென்று கிடந்தது. கரிக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை முளைத்துவிட்டிருந்தது. வெண்டெல் வைத்த கரிக்கோடு நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல் ஓடியது. ஆர்டித் அதைப் பார்த்ததும் அவளை அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அப்படி ஒரு நிறைவு வந்தது.

பிறகு மூலையைப் பார்த்தாள். ஒரு கட்டையின் அடியிலிருந்து புகை தரையோடு தரையாகக் கிழக்கே ஓடியது. காற்று அடிக்கும்போதெல்லாம் கட்டையின் வயிறு சிவந்து சிவந்து அடங்கியது. பொறி ஒன்று வேலிக் கம்பிக்கு அடியில் உருண்டு போயிருந்தது. லைலின் புல்லில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பு. அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுடர்.

ஆர்டித் வண்டியின் பின்னால் ஓடிப் போய் பம்பு மோட்டாரின் கயிற்றை இழுத்தாள். அது முதல் இழுப்பிலேயே பிடித்தது. குழாய் முனை இருமியது, ஒரு வாய் துரு நீரைத் துப்பியது, நின்றது.

"தொட்டி காலி," என்றாள் நடீன். "ஊர்வலத்துல தளும்பக் கூடாதுன்னு காலைல திறந்து விட்டாங்க. நானே பாத்தேன். ஈரச் சாக்கையெல்லாம் கூட எடுத்துட்டாங்க, அழகா இருக்கணும்னு."

ஆர்டித் கறுப்புக் கம்பளி மேல்கோட்டைக் கழற்றினாள். அம்மாவின் சாவுக்கும் அப்பாவின் சாவுக்கும் போட்ட கோட்டு. கம்பியை மிதித்துத் தாழ்த்தி அந்தப் பக்கம் தாண்டிப் போய், சுடரின் தலையில் அதால் அடித்தாள். ஒரு பக்கம் அணைந்தால் காற்று இன்னொரு பக்கத்தை எழுப்பியது. நடீன் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றின் அடிப்பாகத்தாலேயே அடிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது இருவருக்கும்.

"கூப்பிடட்டுமாக்கா?"

ஆர்டித் அடித்துக்கொண்டேயிருந்தாள். கிழக்கே லைலின் புல் அலை அலையாகப் படுத்து எழுந்தது. அதற்கு அப்பால் அவன் மாடுகள், கன்று போட்டுக்கொண்டிருக்கும் மாடுகள். அதற்கும் அப்பால் சாலை, இரண்டு வீடுகள். எல்லா வீட்டுக்காரர்களும் இப்போது தேவாலயத்தில், இவள் தம்பிக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

கோட்டின் கை தீப்பிடித்தது. மண்ணில் தேய்த்தாள்.

"கூப்பிடு."

"என்னன்னு சொல்லட்டும்?"

"இருக்கிறதைச் சொல்லு. யாரு வச்சதுன்னு கேட்டா பேரைச் சொல்லு. முழுப் பேரையும் சொல்லு."

முதலில் வந்தது தீயணைப்பு வண்டியல்ல. லைல் பென்னர். தேவாலயத்திலிருந்து நேராகத் தன் கொட்டகைக்குப் போய் டிராக்டரை எடுத்து, பின்னால் வட்டுக் கலப்பையைக் கோத்துக்கொண்டு, கோட்டு சூட்டோடு, டை தோளின் மேல் பறக்க, புல்லைப் பிளந்துகொண்டு வந்தான். அவன் தாத்தா காலத்திலிருந்து கலப்பை படாத நிலம் அது. அப்படிப்பட்ட புல் ஒருமுறை புரட்டப்பட்டால் பழைய மாதிரி வர ஒரு ஆயுள் போதாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். லைல் திரும்பிக்கூடப் பார்க்காமல் நெருப்புக்கு முன்னால் கலப்பையை இறக்கினான். கறுப்பு மண் புரண்டு விழுந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

அதற்குள் வண்டியும் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கார்கள். பெட்டி தூக்க நின்ற ஆறு பேரும் கறுப்பு சூட்டோடு மண்வெட்டியும் நெருப்பை அடிக்கிற ரப்பர் மட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். குழாய் பிடித்தவன் டேரல். வெண்டெலுக்கு அடுத்த நிலையில் இருந்தவன்.

"பாஸ்டர் 'நாம் ஜெபிப்போம்'னு வாயைத் திறந்தாரு," என்றான் டேரல், தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே. "ஆறு பேர் பாக்கெட்டுலயும் பேஜர் ஒண்ணா கத்துச்சு. அதுல ஹெல்ஸ்ட்ரோம் மேற்குப் புல்வெளின்னு வருது. யாரும் அசையல. பெட்டியை விட்டுட்டு எப்படிப் போறது? ஜோலீன்தான் எழுந்து நின்னாங்க. 'பாஸ்டர், பைபிளை மூடுங்க. நெருப்பு எரியறப்ப இவரைப் புதைச்சா பெட்டியைத் திறந்துகிட்டு வந்துடுவாரு. போங்கடா எல்லாரும்'னாங்க."

"ஜோலீனா சொன்னா?"

"அவங்களேதான். அப்புறம் உக்காந்து அழுதாங்க."

ஆர்டித் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டையின் பக்கம் போனாள்.

கட்டையைச் சுற்றித் தோண்டி வேரை வெட்டி எடுத்து, குழிக்குள் தண்ணீர் நிற்கும்வரை ஊற்றினார்கள். புகை வெளுத்தது, ஆவியானது, நின்றது. ஆட்கள் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்கள். லைல் டிராக்டரிலிருந்து இறங்கி, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த கறுப்பைப் பார்த்தபடி வந்தான். சந்தையில் அவன் சொன்னது அங்கே நின்ற எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

லைல் காலால் ஒரு வேலிக்காலை உதைத்தான்.

"இந்த வேலி கோணல்," என்றான். "எங்கப்பா குடிச்சிட்டுப் போட்டது. சரியா அளந்தா எல்லை அங்க போகுது." அவன் கை காட்டியது தன் நிலத்துக்குள், கரிந்த இடத்துக்கு அப்பால். "இது உங்க நிலந்தான். வேலிக்குள்ளயே நின்னுடுச்சு. அப்படித்தான் நான் சொல்லுவேன்."

டேரல் தலையாட்டினான். இன்னொருவன், "ஆமா, கோணல்தான், நான்கூட நினைப்பேன்," என்றான். நடீன் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் அன்றைக்கு வேலையில் இருந்த பெண் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் நடீன், மெதுவாக. "எல்லை தாண்டுச்சான்னு கேக்குறா."

எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு 'இல்லை' போதும். அப்பாவிடமிருந்து தம்பிக்கு வந்த பேச்சு, தம்பியோடு முழுசாக மண்ணுக்குள் போகும். சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறவனே லைல் பென்னர். இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஆர்டித் லைலைப் பார்த்தாள். டை இன்னும் தோளின் மேலேயே கிடந்தது. அவனுக்குப் பின்னால் இரண்டு சுற்று, புரண்ட மண்.

"வேலி நேரா இருக்கு, லைல்," என்றாள். "அதைப் போட்டது உங்கப்பாவும் எங்கப்பாவும். ரெண்டு பேரும் குடிக்காதவங்க."

"ஆர்டித், சும்மா இரு..."

"உனக்கு அபராதம் விழுந்தப்ப வெண்டெல் யாரையாவது வேலி கோணல்னு சொல்ல விட்டானா?"

அவள் நடீன் பக்கம் திரும்பினாள்.

"தாண்டுச்சுன்னு சொல்லு, நடீன். வெண்டெல் ஹெல்ஸ்ட்ரோம் வச்ச நெருப்பு. பென்னர் நிலத்துக்குள்ள, நாலஞ்சு பாய் அகலம். அவர் நிலத்தை உழ வேண்டியதாப் போச்சு. அதையும் சொல்லு."

நடீன் அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

லைல் தொப்பியை எடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். "ஒரு நாள் வேலி மேல உக்காந்து பாப்பேன்னேன்," என்றான். "காத்துகிட்டுதான் இருந்தேன், பொய் சொல்லல. கிடைச்ச நாளு இப்படியா கிடைக்கணும்? உக்காரக் கூட விடல உன் தம்பி."

யாரோ சிரித்தார்கள். ஆர்டித்துக்கும் உதடு கோணியது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. டேரல் தன் கையுறையைக் கழற்றப் போனான். "இல்லப்பா," என்றாள் ஆர்டித். அவள் தனியாகவே நடந்தாள். ஆட்கள் வேலியோரத்தில் நின்று பார்த்தார்கள். கட்டைக்குக் கட்டை குனிந்து, வெறுங்கையை வைத்து, பொறுத்து, நிமிர்ந்தாள். குனியும்போது முதுகு வலித்தது. நிமிரும்போது அதை அவள் காட்டவில்லை. சுற்றி வந்து கேட்டுக்கு வந்தபோது வெண்டெல் உட்கார்ந்திருந்த இடத்தில் சற்று நின்றாள். பிறகு நடீனிடம் தலையசைத்தாள்.

தேவாலயத்தில் காபி ஆறிப்போயிருந்தது. ஜனங்கள் அப்படியே இருந்தார்கள். கரியும் சேறும் ஒட்டிய சூட்டுகளோடு ஆறு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். லைல் கடைசி வரிசைக்குப் போனான். அங்கே இருந்த ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டார்.

ஆர்டித் கோட்டில்லாமல் நடுவழியாக முன்வரிசைக்கு நடந்தாள். உட்கார்ந்ததும் தன்மேல் புகை நாறுவது தெரிந்தது. ஜோலீன் அவள் பக்கம் திரும்பவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதன் ஒரு பாதியை அவள் பக்கமாக நீட்டினாள்.

ஆர்டித் பிடித்தாள். வெள்ளைத்தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. சட்டென்று கையை எடுக்கப் போனாள். ஜோலீன் புத்தகத்தை இன்னும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

எல்லோரும் எழுந்தார்கள். பாட்டு நீளமானது. இரண்டாவது சரணம் முடிந்ததும் ஆர்டித்தான் பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் விரல் பதிந்தது.